மனச்சாட்சியை யாரிடம் ஒப்படைப்பது? லெவலர்களும் ஆங்கில உள்நாட்டுப் போரும்

ஆங்கில உள்நாட்டுப் போர்க் காலத்தில் லெவலர்கள் என்ற குழுவினர் வாக்குரிமையோடு மதச் சகிப்புத்தன்மையையும் கேட்டதாகப் படித்தேன். அது அவர்கள் உண்மையாகவே நம்பிய கொள்கையா, அல்லது அடி வாங்கிக்கொண்டிருந்த சிறுபான்மையினர் தங்கள் முதுகைக் காத்துக்கொள்ளச் சொன்ன பேச்சா, கத்தோலிக்கருக்கும் அதே உரிமையைக் கொடுத்திருப்பார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. வாக்குரிமையும் வழிபாட்டு உரிமையும் நமக்கு இரண்டு தனித்தனி விவகாரங்கள். 1640களில் ஒரே ஆட்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்களே, எது எதிலிருந்து பிறந்தது என்பதுதான் அது. கல்லூரியில் 22 ஆண்டுகள் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து கையெழுத்துப் படிகளைப் புரட்டியவன் அல்லன்; அச்சில் வந்த துண்டுப் பிரசுரங்களையும் அவற்றின் படப்பிரதிகளையும் படித்தவன். அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

முதலில் அந்தக் காலத்துத் திருச்சபை எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் எதுவும் விளங்காது. 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலுக்குப் போகாதவர் ஒரு ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு குருவுக்குப் போக வேண்டும். ஏழைகளுக்கான நிதியை வசூலிப்பதும் பிரித்துக் கொடுப்பதும் அதே பங்குக் கோயில் நிர்வாகம்தான். நாட்டில் பிறந்தவர் எவரும் இந்தச் சபைக்கு வெளியே இருக்க முடியாது. ஆகவே வேறு விதமாகக் கும்பிடுவது தனிப்பட்ட விருப்பமாக எண்ணப்படவில்லை, ஊர்க் கட்டை மீறும் குற்றமாகவே எண்ணப்பட்டது. 1612இல் பார்தலோமியூ லெகேட்டும் எட்வர்டு வைட்மனும் மதப் பிறழ்வுக்காக உயிரோடு எரிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் அதற்காக எரிக்கப்பட்டவர்களில் அவர்களே கடைசி. 1633இல் கான்டர்பரி பேராயரான லாட், வழிபாட்டைச் சடங்கு நிறைந்ததாக்கி, எதிர்த்தவர்களைத் தண்டித்தார். 1637இல் வழக்கறிஞர் வில்லியம் பிரின் உட்பட மூவருக்குக் காதுகளை அறுத்தார்கள். மறு ஆண்டு, சட்டவிரோதப் பிரசுரங்களைக் கடத்தி வந்ததாக ஜான் லில்பர்ன் என்ற இளைஞனை வண்டியின் பின்னால் கட்டி, ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை சாட்டையால் அடித்துக்கொண்டே நடத்திச் சென்றார்கள். பின்னாளில் லெவலர்களின் முகமாக ஆனவர் அவர்தான். எனவே நண்பரின் ஐயத்தில் பாதி உண்மை: தழும்பு இருந்த முதுகிலிருந்துதான் இந்தக் குரல் எழுந்தது.

ஆனால் தழும்பு இருந்த எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதையும் உடனே சொல்ல வேண்டும். 1641இல் நட்சத்திர மன்றம் என்ற அரச நீதிமன்றம் கலைக்கப்பட்டதும் அச்சுத் தணிக்கை சரிந்தது. 1642 ஆகஸ்டில் மன்னர் நாடாளுமன்றத்துக்கு எதிராக நாட்டிங்ஹமில் போர்க்கொடி ஏற்றினார். 1643இல் நாடாளுமன்றம் ஸ்காட்லாந்தின் படை உதவியைப் பெற்றபோது, இங்கிலாந்துத் திருச்சபையையும் பிரெஸ்பிட்டேரியன் முறைக்குக் கொண்டுவருவதாக ஸ்காட்லாந்தினர் எதிர்பார்க்கும்படி ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பிஷப்புகள் போனார்கள், அவர்கள் இடத்தில் மூப்பர் மன்றங்கள் வரவிருந்தன, அதே கட்டாயத்தோடு. காது அறுபட்ட பிரின் இந்தப் புதிய கட்டாயத்தின் வழக்கறிஞராக மாறி, பிரிவினைச் சபைகளை அடக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினார். வகுப்பில் இதைச் சொல்லும்போது, மாமியாரிடம் பட்ட மருமகள் நாளை என்ன மாமியார் ஆவாள் என்று யாராவது ஒரு மாணவி கேட்பாள். பதில் பிரின். அடிபட்டவன் சகிப்பைக் கேட்பான் என்பது விதியாக இருந்திருந்தால் அவர் லில்பர்னோடு நின்றிருக்க வேண்டும்.

இந்தச் சூழலில் 1644ஆம் ஆண்டு வியப்பூட்டுவது. லண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் அந்த ஆண்டுகளில் தெருவில் விற்ற பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் ஒன்றுவிடாமல் வாங்கிச் சேர்த்தார். 1640 முதல் 1661 வரை ஏறத்தாழ 22,000. பலவற்றின் முகப்பில் தமக்குக் கிடைத்த தேதியை மையால் குறித்தார். அச்சிடும் உரிமைக்காகக் கவிஞர் மில்ட்டன் எழுதிய அரியோபஜிட்டிகாவின் பிரதியில் நவம்பர் 24 என்றும், ஆசிரியரே கொடுத்தது என்று லத்தீனிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, கடைக்காரர் கணக்கெழுதும் அவசரம் அந்தக் கையெழுத்தில் தெரிகிறது. மில்ட்டனை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அதே நூலில் கத்தோலிக்கத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது என்று அவர் சொல்லிவிடுகிறார். அவருக்கு முன்பே, 1612இல், பாப்டிஸ்ட் என்ற பிரிவினைச் சபையின் முன்னோடியான தாமஸ் ஹெல்விஸ், ஒருவர் பிறழ்வாளராகவோ துருக்கராகவோ யூதராகவோ இருந்தாலும் அவரைத் தண்டிப்பது மண்ணுலக அதிகாரத்தின் வேலை இல்லை என்று மன்னருக்கே எழுதிச் சிறை சென்றார். துருக்கர் என்றால் அன்றைய ஆங்கிலத்தில் முஸ்லிம்கள். ஆகவே இந்தக் கருத்தை லெவலர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது.

1644 ஜூலையில் ரோஜர் வில்லியம்ஸ் லண்டனில் வெளியிட்ட நூல், உண்மை என்பவரும் சமாதானம் என்பவரும் உரையாடும் வடிவில், மதத்துக்காகச் சிந்தப்படும் இரத்தத்தைக் குறித்துப் பேசுகிறது. மாசசூசெட்ஸிலிருந்து 1635இல் நாடுகடத்த உத்தரவிடப்பட்டு, மறு ஆண்டு பிராவிடன்ஸ் ஊரை நிறுவியவர் அவர். அந்த மார்ச் மாதம்தான் நாடாளுமன்றம் அவருடைய குடியேற்றத்துக்கு உரிமைப் பட்டயம் வழங்கியிருந்தது; ஆகஸ்டில் அதே நாடாளுமன்றம் அவர் நூலை எரிக்கச் சொன்னது. பின்னர் 1655இல் தம் ஊராருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு கப்பலைக் காட்டுகிறார். அதில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், யூதர், துருக்கர் எல்லாரும் பயணிக்கிறார்கள். கப்பலில் நடக்கும் பிரார்த்தனைக்கு வரச் சொல்லி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தங்கள் சொந்தப் பிரார்த்தனையிலிருந்து எவரையும் தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பல் போகும் திசையும் உள்ளே நடக்க வேண்டிய ஒழுங்கும் தலைவன் பொறுப்பு, கட்டணம் தர மறுப்பவனை அவன் தண்டிக்கலாம். அரசின் வேலை எது, எது இல்லை என்பதை இவ்வளவு எளிதாக விளக்கும் உவமையை அந்த நூற்றாண்டில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வில்லியம்ஸின் நியாயம் வேதத்திலிருந்து வருகிறது: கோதுமையோடு முளைத்த களையை அறுவடைவரை விட்டுவைக்கச் சொன்ன உவமையை வைத்து அவர் வாதாடுகிறார். லெவலர்களோ அதை அரசியல் நியாயமாக மாற்றினார்கள். மாற்றியவர்களில் முதன்மையானவர் வில்லியம் வால்வின். பட்டு வணிகம் செய்த லண்டன்காரர், ஒரு பிஷப்பின் பேரன், பிரெஞ்சு எழுத்தாளர் மொன்டெய்னின் கட்டுரைகளை மொழிபெயர்ப்பில் விரும்பிப் படித்தவர், ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்குத் தகப்பன். 1645இல் அவர் எழுதிய ஒரு சிறு பிரசுரத்தின் வாதம் இது. நாடாளுமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் மக்கள் ஒப்படைத்த அதிகாரம். தன்னிடம் உள்ளதை, தான் கைமாற்றக் கூடியதைத்தான் ஒருவன் இன்னொருவனிடம் ஒப்படைக்க முடியும். எதை நம்புவது என்பது ஒருவனுடைய விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. அவனுடைய புத்திக்கு மெய்யென்று படுவதை மாற்றி நம்ப அவனாலேயே முடியாது, மனச்சாட்சிக்கு மாறாக வழிபட்டால் அது பாவம். எனவே நீங்கள் சொல்கிறபடி வழிபடுகிறேன் என்று அவன் எவருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாததை நாடாளுமன்றம் பெற்றிருக்கவும் முடியாது. ஆகவே மதத்தில் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. மன்னருக்கும் இல்லை, பிஷப்புக்கும் இல்லை.

இந்த வாதம் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். பிறரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அது ஆட்சியாளரிடம் கெஞ்சவில்லை. சகிப்புத்தன்மை என்ற நம்முடைய சொல்லே மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் சகித்துக்கொள்வதைத்தான் குறிக்கிறது; சகிக்க முடிந்தவருக்குச் சகிக்காமலிருக்கவும் முடியும். அதிகாரமே உங்கள் கையில் தரப்படவில்லை என்று சொல்வது வேறு வகைப் பேச்சு. அதை ஒருமுறை மதத்தில் சொல்லிவிட்டால் அங்கேயே நிறுத்த இயலாது: வேறு எவையெல்லாம் ஒப்படைக்கப்படவில்லை, ஒப்படைத்தவர்கள் யார், ஒப்படைக்காதவர்களை ஆள்வது எந்த நியாயத்தால் என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ரிச்சர்ட் ஓவர்ட்டன் 1646இல் நியூகேட் சிறையிலிருந்து எழுதிய பிரசுரம் இந்த வழியில் தான் போகிறது: ஒவ்வொருவரும் இயற்கையாலேயே தமக்குத் தாமே உடைமை, அதை மீற எவருக்கும் உரிமை இல்லை என்று தொடங்கிப் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தையே அவர் மறுக்கிறார். நண்பரின் மறைந்திருந்த கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். மனச்சாட்சி வாதம் அரசியல் வாதத்தைப் பெற்றெடுத்தது; வாக்குரிமை அதன் குழந்தை. எல்லா வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்பதில்லை. வரி, பசி, சம்பளப் பாக்கி, லண்டன் கைவினைஞர் குழுக்களின் பூசல் ஆகியவற்றை முன்வைப்போரும் உண்டு. அவை இல்லாமல் கூட்டம் சேர்ந்திருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கூட்டத்தைச் சேர்த்தது எது என்பதும் அதன் கையில் இருந்த காகிதத்தின் வாதம் எங்கிருந்து வந்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

அந்தக் காகிதம் 1647 அக்டோபர் 28 அன்று பட்னியில், மன்னரைத் தோற்கடித்த புதிய மாதிரிப் படையின் குழுவின் முன் வைக்கப்பட்டது. மக்கள் உடன்படிக்கை என்று பெயரிட்ட அதில், பிரதிநிதிகளுக்கும் கொடுக்கப்படாத அதிகாரங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. முதலாவது மதமும் கடவுளை வழிபடும் முறையும். அடுத்து, எவரையும் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பதும் அங்கே இருக்கிறது. மறுநாள் நடந்த விவாதத்தில், இங்கிலாந்தின் மிக எளியவனுக்கும் மிகப் பெரியவனைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது, தன் சம்மதத்தால் மட்டுமே அவன் ஓர் ஆட்சிக்குக் கட்டுப்படுவான் என்று கர்னல் ரெயின்பரோ பேசினார். நாட்டில் நிலையான பற்று, அதாவது சொத்து, இல்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்று படைத் தளபதிகளில் ஒருவரான அயர்ட்டன் மறுத்தார். ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள நிலவுடைமையாளருக்குத்தான் அன்று மாவட்ட வாக்கு. இவ்வளவும் நமக்குத் தெரிவது, வில்லியம் கிளார்க் என்ற செயலர் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்பால். அது ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றில் கிடந்து, 1891இல்தான் அச்சேறியது. குறிப்பு விட்டுவிட்டுத்தான் இருக்கிறது, சில நாட்களின் விவாதம் இல்லை. லெவலர்கள் எல்லா ஆண்களுக்கும் வாக்குக் கேட்டார்களா என்பது இன்றும் ஓயாத சர்ச்சை. 1649 மே மாதத்து உடன்படிக்கையில் 21 வயது நிறைந்த ஆண்கள் என்று எழுதி, வேலைக்காரர்களையும் உதவிப்பணம் பெறுவோரையும் மன்னருக்காகப் போரிட்டோரையும் நீக்கினார்கள் என்பது உறுதி. பெண்கள் அதே ஆண்டு வசந்தத்தில் நாடாளுமன்றத்துக்குத் தங்கள் பெயரில் மனுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வாக்கு வேண்டுமென்று எந்த லெவலரும் எழுதவில்லை.

இப்போது கொள்கையா, சுயநலமா என்ற கேள்விக்குத் திரும்புவோம். எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று வால்வினின் சொந்த வாழ்க்கைதான். அவர் எந்தப் பிரிவினைச் சபையிலும் உறுப்பினர் இல்லை. கடைசிவரை தம் பங்குக் கோயிலிலேயே இருந்தார். மற்றச் சபைகளுக்குப் போய்ப் பிரசங்கம் கேட்பார், திரும்பி வந்துவிடுவார். தமக்குத் தேவைப்படாத சுதந்திரத்தை அவர் ஆண்டுக்கணக்கில் பிறருக்காகக் கேட்டார். எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1649 ஜனவரியில் மன்னரின் தலை விழுந்தது; படைத்தலைவர் கிராம்வெல்லின் தரப்பு ஆட்சிக்கு வந்து, தனிச் சபைகள் தொல்லையின்றிக் கூடலாம் என்ற நிலை உருவானது. புதிய ஆட்சியும் பழைய கைவிலங்குதான் என்று எழுதியதற்காக மார்ச் 28 விடியலில் லில்பர்ன், வால்வின், ஓவர்ட்டன், தாமஸ் பிரின்ஸ் ஆகிய நால்வரும் கைதானார்கள். அரசுக் குழுவின் அறைக்கு வெளியே கதவில் காதை வைத்துக் கேட்டேன், கிராம்வெல் மேசையைக் குத்தி, இவர்களை நொறுக்காவிட்டால் இவர்கள் நம்மை நொறுக்குவார்கள் என்றார் என்று லில்பர்ன் எழுதுகிறார். சாட்சி அவர் ஒருவரே. ஐந்தே நாளில், ஏப்ரல் 2 அன்று, லில்பர்னின் பழைய தோழர் வில்லியம் கிஃபினும் பிற பாப்டிஸ்ட் தலைவர்களும் நாடாளுமன்றத்துக்கு வந்து, அந்தப் பிரசுரத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று மனுக் கொடுத்தார்கள். கதவு திறந்துவிட்டது, உள்ளே போய்விட்டார்கள். நண்பரின் ஐயம் இந்தப் பாப்டிஸ்ட் தலைவர்களுக்கு அப்படியே பொருந்தும். கைதான நால்வருக்குப் பொருந்தாது. கிஃபின் தரப்பினரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டு ஒளிந்து கூடிய சபை அது.

அடுத்த மாதம் லெவலர் சார்புள்ள படைப்பிரிவுகள் கலகம் செய்தன. 300க்கு மேற்பட்டோரைப் பர்ஃபர்டு கோயிலுக்குள் அடைத்து, மே 17 அன்று மூவரை அதன் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உள்ளே இருந்த ஒருவன் திருமுழுக்குத் தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரையும் ஆண்டையும் கைதி என்ற சொல்லையும் எழுத்துப் பிழையோடு கீறி வைத்தான்: ஆன்டனி செட்லி, 1649. இன்றும் அது அங்கே இருக்கிறது. இயக்கமாக லெவலர்கள் அத்தோடு முடிந்தார்கள்.

கத்தோலிக்கர் விஷயத்துக்கு வருகிறேன். 1649 மே உடன்படிக்கை, நம்பிக்கைக்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது. பதவி வகிக்க மட்டும் ஒரு விலக்கு வைக்கிறது: போப்பின் அல்லது பிற அந்நிய மேலாதிக்கத்தை ஏற்பவர் பதவிக்கு வர முடியாது. அந்தக் காலத்துக்கு இது மிகத் தாராளம். கிராம்வெல்லோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அதே ஆண்டு அக்டோபரில் அயர்லாந்தின் நியூ ராஸ் நகரத் தலைவர் சரணடையும் நிபந்தனையாக மனச்சாட்சிச் சுதந்திரம் கேட்டபோது, எவருடைய மனச்சாட்சியிலும் நான் தலையிடுவதில்லை, ஆனால் அதற்குத் திருப்பலி நடத்தும் உரிமை என்று பொருள் கொண்டால், இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் அதிகாரம் உள்ள இடத்தில் அது நடக்காது என்று பதில் எழுதினார். நினைத்துக்கொள்ளலாம், செய்யக் கூடாது. ஒரு மாதத்துக்கு முன்புதான் டிராஹிடாவில் அவர் படை பெரும் படுகொலை நிகழ்த்தியிருந்தது. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் சுதந்திரத்துக்குப் போராடுவதும் நாம் இங்கே போராடுவதும் ஒன்றே என்று வால்வின் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. கிஃபின் தரப்பு அவருக்கு எதிராக வெளியிட்ட பிரசுரத்தில்தான் அது இருக்கிறது. அவரே சொன்னதாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவருடைய பிற எழுத்துகளோடு அது ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

தீவிரம் கூடக் கூடச் சகிப்பும் கூடும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1649 ஏப்ரலில் சர்ரேயின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தைக் கொத்தத் தொடங்கிய டிக்கர்கள், சொத்து விஷயத்தில் லெவலர்களைவிடப் பல படி முன்னே போனவர்கள். அவர்களின் தலைவர் ஜெரார்டு வின்ஸ்டன்லி 1652இல் எழுதிய சட்ட வரைவில், அமைதியாக வாழும் எவரையும் அவருடைய கடவுள் விஷயத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறார். பிரசங்கத்தையும் பிரார்த்தனையையும் பிழைப்பாக்கி நிலமும் பொருளும் சேர்ப்பவனுக்கு மரண தண்டனை என்றும் அதே வரைவில் எழுதுகிறார். இரண்டையும் படித்துவிட்டு மாணவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள்.

அதிகாரத்தில் இருந்தவர்களின் சகிப்பு எங்கே நின்றது என்பதை 1656 காட்டுகிறது. குவேக்கர் என்ற பிரிவினைச் சபையைச் சேர்ந்த ஜேம்ஸ் நெய்லர் கிறிஸ்துவின் எருசலேம் வருகையைப் போலப் பிரிஸ்டலுக்குள் குதிரையில் வந்தார். நாடாளுமன்றமே அவரை விசாரித்தது. மரண தண்டனை வேண்டாம் என்போர் 96, வேண்டும் என்போர் 82. சாட்டையடி கொடுத்து, நாக்கில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, நெற்றியில் சூடு போட்டார்கள். எந்த அதிகாரத்தில் இதைச் செய்தீர்கள் என்று கிராம்வெல் பிறகு கடிதம் எழுதிக் கேட்டார். பதினோராண்டு முன்பு வால்வின் கேட்ட கேள்வி அது. 1290இல் துரத்தப்பட்ட யூதர்கள் திரும்பி வர ஆம்ஸ்டர்டாம் யூத குரு மெனாசே பென் இஸ்ரேல் 1655இல் விண்ணப்பித்தபோது, கூட்டிய மாநாடு முடிவெடுக்காமல் கலைந்தது. சட்டம் ஏதும் இல்லாமலே அவர்கள் லண்டனில் இருக்க விடப்பட்டார்கள்.

இதெல்லாம் பின்னால் எதற்கு வழிவகுத்தது என்று கேட்டால், உறுதியாகச் சொல்லக் கூடியது குறைவு. வில்லியம்ஸின் குடியேற்றமான ரோட் ஐலண்டில் அவருடைய ஏற்பாடு 1663ஆம் ஆண்டுப் பட்டயத்திலும் தொடர்ந்தது என்பது உறுதி. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், மதத்தைப் பற்றிக் காங்கிரஸ் சட்டம் இயற்றலாகாது என்று சொல்லும் வடிவம், பட்னிக் காகிதத்தின் ஒப்படைக்கப்படாத அதிகாரங்களை நினைவூட்டுகிறது. நேரடி வம்சம் என்று காட்டும் சான்று இல்லை. பின்னாளில் சகிப்பைப் பற்றி எழுதிய மெய்யியலாளர் லாக் லெவலர்களைப் படித்துக் கற்றார் என்பதும் அப்படித்தான், ஊகம். இங்கிலாந்திலேயே, முடியாட்சி திரும்பிய பின் கூட்டங்களைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன, ஆயிரக்கணக்கில் சிறை சென்றார்கள். 1689இல் ஒருவழியாக வந்த சகிப்புச் சட்டம் கத்தோலிக்கருக்கும் திரியேகத்தை மறுப்போருக்கும் எதையும் தரவில்லை. மற்றப் பிரிவினருக்கும் பழைய தண்டனைச் சட்டங்களை நீக்கவில்லை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அவை பாயாது என்றது மட்டுமே. பத்தில் ஒரு பங்கை அவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும், கூடும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், வழிபாடு நடக்கும்போது கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது.